அப்பாவின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல்

தாராவி, பம்பாய்-17
12.1.1986

அன்புள்ள தங்கை பேராச்சிக்கு,

இங்கே நானும் உன் மதினி முருகம்மாளும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் சுகத்துக்கும் அப்பாவின் மூட்டு வலிக்கும் எழுது.

ஒரு செய்தி. போன வருஷம் வந்த என் ஆங்கிலக் கதைப் புத்தகத்தைப் பற்றி உனக்கு எழுதியிருந்தேன். கிராம முன்சீப் ஒருவர் வீட்டு வாசலில் ஒரு கையெழுத்துக்காக ஊரே காத்துக் கிடப்பதுதான் எல்லாக் கதைகளும். உள்ளே இருப்பவர் யாரையும் மாட்டேன் என்று திருப்பி அனுப்புவதில்லை. யாருக்கும் போட்டுக் கொடுப்பதுமில்லை. அச்சடித்ததில் பாதி என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அந்தப் புத்தகத்திலிருந்து இப்போது ஒரு சொல் பிறந்திருக்கிறது.

மாட்டுங்காவில் அனந்தநாராயணன் என்று ஒருவர், ஓர் ஆங்கில நாளிதழில் வாராவாரம் எழுதுகிறவர். கேஸ் கனெக்‌ஷனுக்கு அலைந்த கதையை எழுதும்போது, 'இது முழுக்க முழுக்க பிரம்மநாயகெஸ்க் அனுபவம்' என்று போட்டார். அடுத்த வாரம் வேறொருவர் டெலிபோன் ஆபீஸைத் திட்டி எழுதி அதே சொல்லைப் போட்டார். இப்போது கல்லூரிகளில் பேச்சோடு பேச்சாகவே சொல்கிறார்களாம்.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தாளன் ஒரே மாதிரியான உலகத்தை விடாமல் எழுதினால், அவன் குடும்பப் பெயரில் 'எஸ்க்' போல ஒரு வாலை ஒட்டி அதையே சொல்லாக்கி விடுவார்கள். ஒருவர் பெயர் கரிப்புகையும் பசித்த பிள்ளைகளும் உள்ள தெருவைக் குறிக்கும். இன்னொருவர் பெயர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் சர்க்காரைக் குறிக்கும். ஆனால் அவர்கள் வெள்ளைக்காரர்கள், செத்தும் போனவர்கள். நானோ நாற்பத்தேழு வயதில் உயிரோடு குழாயடி வரிசையில் நிற்கிறேன். இந்தச் சொல்லைச் சொல்கிற ஒருவருக்கும் கணேசபாண்டியன் என்று ஓர் ஆள் இருப்பது தெரியாது. அட்டையில் ஜி. பிரம்மநாயகம் என்றுதானே இருக்கிறது.

பத்திரிகைத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

அன்புள்ள அண்ணன்,
கணேசபாண்டியன்


பாறைக்குளம்
2.2.1986

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் தங்கை பேராச்சி எழுதியது.

கடிதம் கண்டு சந்தோஷம். மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதற்கு நெல்லையப்பர் துணை. அப்பாவுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. சாப்பாட்டில் குறைவில்லை.

பத்திரிகைத் துண்டை மறைத்து வைக்க முடியவில்லை. கவர் வந்த சத்தம் கேட்டதுமே அப்பா, "ஏட்டி, பம்பாய்க் காயிதமா? இங்க கொண்டா" என்றார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். "எஸ்க்குன்னா என்னட்டி? ராவ்பகதூர் மாதிரி பட்டமா?" என்று கேட்டார்கள். நீங்கள் எழுதியிருந்ததைச் சொன்னேன். துண்டை இன்னொரு தடவை வாசித்தார்கள். பிறகு, "அப்ப பம்பாயிலயும் நம்ம பேரச் சொன்னா ஆளு காத்துக் கெடக்கானா!" என்று சிரித்தார்கள். முன்சீப் வேலையை சர்க்கார் எடுத்த பிறகு அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. துண்டைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறார்கள்.

நானும் ஒரு செய்தி எழுத வேண்டும். கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையும் விடுதிக் காப்பாளருமாக ஆள் எடுக்கிறார்கள். என் பழைய டிரெயினிங்கை இன்னும் ஒத்துக்கொள்கிறார்கள். தங்கும் இடம் அங்கேயே. ஜூனில் பள்ளி திறக்கும்போது சேர வேண்டும். எனக்கு முப்பத்தொன்பது ஆகிறது, இதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்பாவைத் தனியே விட முடியாது. உங்கள் யோசனையை எழுதுங்கள்.

பேராச்சி


தாராவி
20.2.1986

அன்புள்ள பேராச்சிக்கு,

எல்லோரும் நலம். சின்னவனுக்கு மட்டும் இருமல்.

உன் கடிதத்தை வாசித்தேன். சட்டம் போடுகிறாரா! அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் புரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெயர் எப்படி என் மேல் ஏறியது என்று உனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வயதில் இந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்று ஹெட் கிளார்க் மராட்டிக்காரர், "ஆட்னாவ் காய்?" என்றார். குடும்பப் பெயர் என்ன என்று அர்த்தம். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். "அரே, குடும்பம் இருக்கு, பேர் இல்லையா? பாப் கா நாம் போலோ" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். அதையே கடைசியில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ரேஷன் கார்டு, பாங்க், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் நான் மிஸ்டர் பிரம்மநாயகம். பதிப்பாளரும் அதையே அட்டையில் போட்டார். இங்கே நம் ஊர்க்காரன் ஒவ்வொருவனும் தன் அப்பனைத் தோளில் சுமந்துகொண்டுதான் அலைகிறான். ஆனால் என் அப்பாவை மட்டும்தான் அகராதிக்குள் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்.

கோவில்பட்டி வேலை விஷயம் நல்லதுதான். பார்க்கலாம்.

அண்ணன்


பாறைக்குளம்
9.3.1986

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

சின்னவனுக்கு இருமல் விட்டதா? துளசியும் மிளகும் கொடுக்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு எழுதிப் போட்டேன், நேரில் வரச் சொன்னார்கள், போய்விட்டு வந்தேன். எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகத்தை ஜூனுக்குள் காட்டியாக வேண்டும். அது அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கேட்டேன். "பாப்போம்" என்றார்கள். மறுநாள் கேட்டேன். "பாப்போம்னு சொன்னம்லாட்டி" என்றார்கள். கோபமில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாவி இடுப்பில்தான் இருக்கிறது.

"முன்சீப் மக சம்பளத்துக்குப் போனான்னு ஊரு பேசட்டும், எனக்கென்ன" என்று அப்பா மேலத்தெரு இசக்கி மாமாவிடம் சொன்னார்களாம். அவர் என்னிடம் வந்து, "அப்பா சம்மதிச்சுட்டாரு போலுக்கே" என்றார். நான் என்ன சொல்ல?

நேராகவே கேட்கிறேன். ஜூனிலிருந்து அப்பா உங்களோடு இருக்கலாமா? நிரந்தரமாக இல்லாவிட்டாலும், நான் அங்கே நிலைத்து ஒரு ஏற்பாடு செய்யும் வரை. மதினியிடமும் கேட்டு எழுதுங்கள்.

பேராச்சி


தாராவி
26.4.1986

அன்புள்ள பேராச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஆபீஸில் வருஷ முடிவுக் கணக்கு, வீட்டில் பிள்ளைகளின் பரீட்சை. மற்றபடி சுகம்.

போன ஞாயிறு கிங்ஸ் சர்க்கிளில் காப்பி குடிக்கப் போனபோது அனந்தநாராயணன் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். புத்தகத்தின் பின் அட்டைப் படத்தில் பார்த்த அடையாளம் போலும், என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கோ வாங்கோ, மிஸ்டர் பிரம்மநாயகம்! இவர்தான் அந்தச் சொல்லு, ஓய்" என்று அறிமுகப்படுத்தினார். "ஸார், என் பெயர் கணேசபாண்டியன். பிரம்மநாயகம் என் அப்பா" என்றேன்.

"ஓ! அதனாலென்ன? சொல்லு எறங்கியாச்சு, இனிமே மாத்த முடியாது. கணேசபாண்டியனெஸ்க்னு ஒருதரம் சொல்லிப் பாருங்கோ, வாய் சுளுக்கிக்கும்!" என்றார். மேஜையே சிரித்தது. எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு அவர்கள் வேறு விஷயம் பேசினார்கள். என்ன கதை எழுதினேன், அடுத்து என்ன எழுதுகிறேன் என்று ஒருவர் கேட்கவில்லை. மாட்டுங்காக்காரர்கள் தாராவிக்காரனிடம் அதற்கு மேல் பேச மாட்டார்கள்.

நீ கேட்ட விஷயம். வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் சாலில் எங்களுக்கு ஒரே அறை. அதில் நடுவே சேலை கட்டி மறைத்துத்தான் நாங்களும் பிள்ளைகளும் படுக்கிறோம். ஜூனில் மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். மூட்டு வலிக்காரரை இங்கே எப்படி வைப்பது? மழை முடியட்டும். பார்க்கலாம்.

பக்கத்துச் சாலில் தோல் பட்டறை வைத்திருக்கும் உதுமான் என்பவர் தன் தங்கை கல்யாணத்துக்கு மேலப்பாளையம் வருகிறார். அவரிடம் உனக்கு என் புத்தகம் ஒன்று கொடுத்து விடுகிறேன்.

அண்ணன்


பாறைக்குளம்
11.5.1986

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

உதுமான் அண்ணாச்சி வந்து புத்தகத்தைக் கொடுத்தார்கள். அப்பாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாசக் கடைசியில் பம்பாய் திரும்புவார்களாம்.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் பார்க்கலாம் என்று எழுதினீர்கள். ஏப்ரலில் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டேன் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. இதற்குத்தானே ஆங்கிலத்தில் ஒரு சொல் வந்திருக்கிறது என்றீர்கள்?

ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது.

பேராச்சி


தாராவி
24.5.1986

பேராச்சிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. யாரை யாரோடு சேர்க்கிறாய் என்று யோசித்து எழுதியிருக்கலாம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் எனக்கு டியூட்டர் வேலை கிடைத்தது உனக்கு நினைவிருக்குமா? அப்போது நீ சின்னப் பிள்ளை. இருப்பிடச் சான்றிதழ் கேட்டார்கள். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் கிராம முன்சீப். என் சொந்த வீட்டு நடையில், ஊர்க்காரர்களோடு வரிசையில் நின்றேன். "சொந்த மகனுக்கு நானே போட்டா ஊரு என்ன சொல்லும்? பாப்போம்" என்றார். கெடு போனது. வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் பம்பாய்க்கு ரயிலேற்றி விட்டார். இருபத்தைந்து வருஷமாக ஏற்றுமதி பில்களில் கூட்டல் சரிபார்த்துக்கொண்டு, இந்த அறைக்குள் கிடக்கிறேன். அந்த மனிதரை என் கண் முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கச் சொல்கிறாய்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. மழை முடியட்டும் என்றுதான் சொல்கிறேன். ஒரு வருஷம் பொறுத்தால் உனக்கு வேறு பள்ளிக்கூடமே கிடைக்காதா?

அண்ணன்


பாறைக்குளம்
27.5.1986

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது அப்பா உங்கள் வீட்டில் இருப்பார்கள். பிந்தினாலும் தகவல் தெரிவிப்பது முறை என்று எழுதுகிறேன்.

நான் பொய் சொல்லவில்லை. உதுமான் அண்ணாச்சி வந்திருந்த நேரத்தில், "பம்பாயில உங்க பேரச் சொல்லுதவங்க உங்கள ஒரு தடவ பாக்க மாட்டாங்களா?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டேன். உதுமான் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு, "பாக்காமயா? மாட்டுங்கா பூரா ஒங்க பேச்சுதான் பெரியவரே. எங்கூட வாங்க, தாதர்ல எறங்குனா பத்து நிமிஷம். சலோ!" என்றார்கள்.

"நான் வந்தா அவனுக்கு எடம் பத்துமா?" என்றார்கள் அப்பா. கேட்டுக்கொண்டே வெளுத்த வேட்டி இருக்கிறதா என்று கொடியைப் பார்த்தார்கள்.

இன்று காலை கறுப்புக் கோட்டை எடுப்பதற்காக இரும்புப் பெட்டியை அவர்களே திறந்தார்கள். கோட்டுக்கு அடியில் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது. அவர்கள் கண்ணாடி முன்னால் கோட்டைப் போட்டுப் பார்த்து, "லூசா இருக்கோட்டி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இல்லப்பா, எடுப்பா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். பார்த்தார்களா இல்லையா தெரியவில்லை.

மூட்டுக்குத் தடவும் தைலம் பையின் பக்க அறையில் இருக்கிறது. ராத்திரி இட்லி கொடுத்தால் போதும். காலைக் காப்பிக்குச் சீனி போடக் கூடாது.

பேராச்சி


தாராவி
30.6.1986

பேராச்சிக்கு,

கோவில்பட்டி விலாசத்தை உதுமானிடம் வாங்கி எழுதுகிறேன். வேலை எப்படி இருக்கிறது? உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ செய்தது சரியா என்று நான் கேட்கப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். வந்த மறுநாளே உதுமானைக் கூட்டிக்கொண்டு கறுப்புக் கோட்டோடு மாட்டுங்கா போய்விட்டார். அனந்தநாராயணனின் வீட்டுக் கதவைத் தட்டி, "நான் பிரம்மநாயகம்" என்றாராம். அந்த ஆள் சந்தோஷத்தில் குதித்திருக்கிறார். அன்று சாயங்காலம் முழுக்க என் கதைகளைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை அருகில் கூப்பிட்டார். இருபத்தைந்து வருஷமாக நான் எதிர்பார்த்த நேரம் அது.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஒண்ணுதான் தப்பு. ஆளுகள வெயில்ல நிக்க வச்சேன்னு எழுதியிருக்கியாமே? வேப்ப மரத்து நெழல்லலா நிக்க வச்சேன். அத மாத்திரு" என்றார். அவ்வளவுதான்.

இப்போது காலையில் என் நாற்காலியை எடுத்துக் குழாயடியில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். யாருடைய குடம் முன்னால், யாருடையது பின்னால் என்ற சண்டை அவரிடம் வருகிறது. "பாப்போம்" என்கிறார். பெண்கள் தலையாட்டிக்கொண்டு போகிறார்கள். உன் மதினி, "மாமா வந்த பொறவு கொழாயில சத்தமே இல்ல, நீங்களும் இருந்தியளே" என்கிறாள். ராத்திரி அவர் சேலைக்கு இந்தப் பக்கம் படுக்கிறார். நான் எழுதுகிற மேஜையில் அவருடைய தைலமும் சட்டம் போட்ட பத்திரிகைத் துண்டும் இருக்கின்றன.

ஆடி பிறந்ததும் லீவு போட்டு வந்து கூட்டிக்கொண்டு போ.

அண்ணன்


தாராவி
3.8.1986

அன்புள்ள பேராச்சிக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதுமா என்று கவலையாக இருக்கிறது.

இங்கே மழை விடவில்லை. அப்பாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறதாம். இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதாம்.

அனந்தநாராயணன் அப்பாவைப் பற்றியே ஒரு பத்தி எழுதிவிட்டார். கோட்டுப் போட்ட போட்டோவும் வந்திருக்கிறது. 'ஒரு சொல்லோடு நேரில் கை குலுக்கினேன்' என்று ஆரம்பம். என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, 'மகன் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, கொஞ்சம் எழுதவும் செய்கிறார்' என்று. ஆபீஸில் அதைச் சுற்றுக்கு விட்டார்கள். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் அப்பா இவ்வளவு பெரிய ஆள் என்று சொல்லவே இல்லையே, பிரம்மநாயகம்" என்றார்.

எழுதுவது நின்றுவிட்டது. பேனாவை எடுத்தால் எதிரே உட்கார்ந்து, "என்னல, நம்மளப் பத்தியா?" என்கிறார்.

நீ அவரை எப்படிச் சமாளித்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குப் பழக்கம். எனக்கு இது முடியாது. எப்போது வருகிறாய் என்று ஒரு வரி எழுது. எனக்காக இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் படிப்புக்காக.

அன்புள்ள அண்ணன்,
கணேசபாண்டியன்


கோவில்பட்டி
24.8.1986

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நீங்களும் மதினியும் பிள்ளைகளும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். விடுதியில் என்னை நம்பி நாற்பது பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருக்கும் எண்ணெய் தேய்த்து முடித்துவிட்டுத்தான் உட்கார முடிகிறது.

பதில் பிந்தியதற்குக் காரணம், உங்கள் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு எழுதலாம் என்று வைத்தேன். இங்கே மதீனா பீவி என்று இங்கிலீஷ் டீச்சர் ஒருவர், என் அறைக்கு அடுத்த அறை. தினமும் ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நிரம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழ்க் கதையை வாசிக்கும்போது டீச்சரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முன்சீப் வருகிறார், மகன் வருகிறான், வாசலில் நிற்கிற ஜனங்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். நம் வீட்டு ஜன்னல், கதவு, இரும்புப் பெட்டி, எல்லாம் அப்படியே இருக்கின்றன. முன்சீப்புக்குக் காப்பி வருகிறது. மகனுக்கு இலையில் சோறு இருக்கிறது. விளக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. ஒரு கதையில் முன்சீப்புக்குக் காய்ச்சல், நெற்றியில் ஈரத்துணி இருக்கிறது.

முதல் தடவை வாசித்தபோது எனக்குத்தான் இங்கிலீஷ் சரியாக விளங்கவில்லை போலும் என்று நினைத்தேன். டீச்சரிடம், "இந்த வீட்டுல பொண்ணு ஒருத்தி வருவாளே, எந்தப் பக்கத்துல?" என்று கேட்டேன். அவர்கள் திரும்பவும் முதலிலிருந்து தேடினார்கள். "அப்படி யாருமே இல்லையேக்கா" என்றார்கள்.

இரண்டு நாள் மனசு சரியில்லை. பிறகு சரியாகிவிட்டது.

அண்ணா, நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும். அந்த வீட்டில் அப்பாவும் நீங்களும்தான் இருக்கிறீர்கள். நான் இல்லை.

மணி அடிக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும்.

பேராச்சி